அப்பாவுக்காகப் பெரம்பூரில் மூன்று வாரம்

நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்று அக்கா போனில் சொன்ன மறுநாளே மெல்போர்னிலிருந்து கிளம்பிவிட்டேன். இதே நிலைமையில் ஊருக்கு ஓடுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா முதலில் இருந்த தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை நீட்டினார்கள், போட்டால் குணமாகுமா என்று கேட்டால் நேராகப் பதில் இல்லை. அக்கா என்னைத் தனியே இழுத்துப் போய், "வேணாம்னு சொன்னா நாமளே கொன்ன மாதிரி ஆயிடாதாடா?" என்றாள். அம்பேத்கர் வழியில் பௌத்தம் ஏற்று, தினமும் பஞ்சசீலம் சொல்கிற மனிதர் அப்பா. அதன் முதல் சீலமே உயிரைப் பறிக்காமை.

அப்பாவுக்குப் பழக்கமான பிக்குவிடம் போனேன். "எந்த எண்ணத்தோட மறுக்கிறீங்க? அவர் போகணும்னா, இல்ல வதைபடக் கூடாதுன்னா?" என்று கேட்டார் பந்தே. நோயாளியிடம் சாவைப் புகழ்ந்து பேசிச் சாகத் தூண்டினால், இரக்கத்தால் செய்தாலும் அது மூன்றாம் பாராஜிகம் என்னும் பெருங்குற்றம், பிக்கு சங்கத்தை விட்டே போக வேண்டியதுதான் என்றார். ஆனால் நோய் நீண்டு, பார்த்துக்கொள்பவர்களும் களைத்துப்போன நிலையில் ஒரு பிக்கு உணவையும் மருந்தையும் விட்டால் அது குற்றமாகாது என்று வினய உரையில், அதாவது பிக்குகளின் ஒழுக்க விதிகளுக்கான உரையில், இருப்பதையும் சொன்னார். உரை எழுதியவர் புத்தகோசர். அவர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் என்பதில் அப்பாவுக்கு எப்போதும் ஒரு பெருமை.

அப்புறம்தான், அப்பாவையே இன்னும் கேட்கவில்லையே என்று உறைத்தது. "குழாயெல்லாம் வேணாம்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார். நினைவோடு இருந்ததால் அவர் சொல்லே போதும். நினைவு தப்பியிருந்தால், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே உயில் மாதிரி எழுதி வைக்கலாம், 2023-க்குப் பிறகு மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டாம், இரண்டு சாட்சிகளோடு நோட்டரி கையெழுத்துப் போதும். உங்கள் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

வலிக்கு மார்ஃபின் தேடிப் பல மருந்துக்கடை ஏறி இறங்கினேன், எங்கும் இல்லை. அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் கிடைக்குமாம். அரசு மருத்துவமனையின் வலிநிவாரணப் பிரிவில் 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு செவிலியரும் வீட்டுக்கு வந்தார். நனைத்த பஞ்சால் அப்பாவின் உதட்டை எப்படித் துடைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அந்தச் சகோதரியை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

இது போதைதானே, சீலம் கெடாதா என்று அப்பா தயங்கினார். மருந்தாக எடுத்தால் கெடாது என்று பந்தே போனிலேயே சொன்னார். ஆனாலும் காலையில் திரிசரணம், அதாவது புத்தம், தம்மம், சங்கத்தைச் சரணடைவதாக மும்முறை சொல்வது, சொல்லத் தெளிவு வேண்டும் என்று அப்பா கேட்க, மருத்துவர் அதற்கேற்ப வேளையை மாற்றிக் கொடுத்தார்.

புத்தர் காலத்து இல்லறத்தார் நகுலபிதா நோயில் கிடந்தபோது, கவலையோடு சாகாதீர்கள் என்று அவர் மனைவி தேற்றியதைப் பந்தே சொல்லியிருந்தார். அக்கா அப்பாவின் காதருகே உட்கார்ந்து, "அம்மாவை நான் பாத்துக்கறேன்பா, வீட்டுக் கடனும் முடிஞ்சுது" என்று தினமும் சொன்னாள்.

கடைசி நாள் காலையில் மூவரும் சேர்ந்து திரிசரணம் சொன்னோம். துதியம்பி, அதாவது இரண்டாம் முறை, வரை அப்பாவின் உதடு அசைந்தது. மூன்றாம் முறையான ததியம்பியை நானும் அக்காவும் சொன்னோம்.