டிக்கா டி3எக்ஸ் லைட்டா, வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட்டா? ப்ராங்ஹார்ன் வேட்டைக்கு ஓர் அலசல்

ப்ராங்ஹார்ன் மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கப்போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ரெண்டில் எது துல்லியமாகச் சுடும்?" என்பதுதான். இந்த இரண்டையும் பொறுத்தவரை அது வெட்டிக் கேள்வி. ஒத்துப்போகிற தோட்டாவைக் கண்டுபிடித்துவிட்டால், 100 கெஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் அங்குலத்துக்குள்ளோ அதை ஒட்டியோ இரண்டுமே போட்டுவிடும். அப்படிப் பார்த்தால் 300 கெஜத்தில் மூன்று அங்குலம். ப்ராங்ஹார்னின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கும் இடம் எட்டு, ஒன்பது அங்குல அகலம் இருக்கும். தவறினால் அதற்குக் காற்றும் நம் கையும்தான் காரணமாக இருக்கும், பேரல் அல்ல.

உலகிலேயே ப்ராங்ஹார்ன் அதிகமாக இருப்பது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத, சேஜ்பிரஷ் புதர் முழங்கால் உயரத்துக்கு மண்டிய வெட்டவெளி. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விலங்கு, கண்ணோ அதைவிடக் கூர்மை. நாம் அதைப் பார்ப்பதற்கு முன் அது நம்மைப் பார்த்திருக்கும். பெரிய கிடாகூட 60 கிலோவைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் ராட்சதத் தோட்டா எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது, மண்மேட்டுக்குப் பின்னால் படுத்து ஊர்ந்து போய் 200, 300 கெஜத்தில் நிதானமாக ஒரு குண்டு போட வசதியான ரைஃபிள். போகிற வழியில் முள்கம்பி வேலிகள் குறுக்கிடும். தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி படர்ந்திருக்கும். முழங்கையில் ஏறிய முள்ளை ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இந்த வேட்டையில் அடக்கம்.

(நம்மூரில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம்மூர் வெளிமானையே டெக்சாஸ் பண்ணைகளில் காசு வாங்கிக்கொண்டு சுட விடுகிறார்கள் என்பது தனிக் கதை. அமெரிக்காவில் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடுவதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வைத்திருக்க வேண்டும். ரைஃபிளுக்கு முன்னால் இவற்றை முடியுங்கள்.)

தோட்டா விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு ரைஃபிளும் .270 வின்செஸ்டரிலும் கிடைக்கும், 6.5 க்ரீட்மோரிலும் கிடைக்கும். .270 என்பது 1925இல் வந்த தோட்டா. 130 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை வினாடிக்குச் சுமார் 3,060 அடி வேகத்தில் அனுப்பும். 6.5 க்ரீட்மோர் 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. 140 கிரெய்ன் குண்டு, வேகம் 2,700 அடியை ஒட்டி. குறியை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் 300இல் முன்னது ஆறேழு அங்குலம் இறங்கும், பின்னது ஏழெட்டு. மான் இந்த ஓர் அங்குலத்தைக் கணக்குப் பார்க்கப்போவதில்லை. தோளில் இடிக்கிற இடி க்ரீட்மோரில் குறைவு, புதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் .270இல் மாடல் 70 என்பது வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் காலத்திலிருந்து வேட்டைக்காரர்கள் மனதில் ஒட்டிக்கொண்ட ஜோடி. அந்த ஆசையில் வாங்குகிறவரைத் தடுக்க மாட்டேன்.

இனி டிக்கா. பின்லாந்தின் ரீஹிமாகி நகரில் சாக்கோ நிறுவனம் தயாரிப்பது. டி3 வந்தது 2003இல், அதைத் திருத்தி 2016இல் டி3எக்ஸ் ஆக்கினார்கள். முதலில் கவர்வது போல்ட், அதாவது தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளவும் காலியை வெளியே இழுக்கவும் கையால் இயக்கும் தண்டு. மேலே 70 டிகிரி தூக்கினால் போதும், எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பின்னால் வந்துவிடும். விசையை இழுக்கத் தேவையான பலத்தை இரண்டு பவுண்டிலிருந்து நான்கு பவுண்டு வரை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே. 100 கெஜத்தில் மூன்று குண்டு ஓர் அங்குலம் என்று நிறுவனமே வாக்குக் கொடுக்கிறது, பெரும்பாலும் அதைக் காப்பாற்றுகிறது.

குறை என்றால் பிளாஸ்டிக். தோளில் சாய்க்கும் கட்டை, மேகசின் (தோட்டாப் பெட்டி), அதைச் சுற்றிய சட்டம் எல்லாம் பிளாஸ்டிக். பழைய டி3இல் போல்ட்டின் பின்மூடியும் பிளாஸ்டிக்காக இருந்தது. டி3எக்ஸில் அதை உலோகமாக்கி, கட்டையின் பின்பகுதியில் ஸ்பாஞ்சு அடைத்து, தட்டினால் டப்பா மாதிரி வந்த ஓசையையும் அடக்கினார்கள். கண்ணுக்கு அழகு என்று ஒன்றும் கிடையாது. மேகசினில் மூன்று தோட்டா. அதைத் தவறவிட்டால் கையில் இருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான். புதிய மேகசினுக்குக் கேட்கும் விலை வயிற்றெரிச்சலைக் கிளப்பும். டி3எக்ஸில் தோட்டா வெளியேறும் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருப்பதால், அவசரத்துக்கு மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடலாம். குளிரில் விறைத்த விரலோடு அதைச் செய்வது சுகமான காரியமல்ல.

ஃபெதர்வெயிட் வேறு ஜாதி. வால்நட் மரக்கட்டை, முன்முனை மெல்லிய உதடுபோல் வளைந்திருக்கும், கைபிடிக்கும் இடத்தில் நுணுக்கமான கட்டம் வெட்டியிருப்பார்கள். பேரல் 22 அங்குலம். எடை டிக்காவைவிட இருநூறு, இருநூற்றைம்பது கிராம் கூட. ஐந்து தோட்டா உள்ளேயே அடங்கும், அடியில் கதவுபோல் திறக்கும் மூடி. தொலைந்துபோக ஒன்றுமில்லை. மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் தோட்டா உள்ளே போய்விடும்.

மாடல் 70இன் பெருமை என்று எல்லோரும் சொல்வது அதன் நகப்பிடியை. ஜெர்மன் ராணுவ ரைஃபிளான மவுசர் 98 வழியில் வந்த ஏற்பாடு அது. போல்ட்டின் பக்கவாட்டில் நீண்ட எஃகு நகம் ஒன்று, தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தால்கூட அந்தத் தோட்டா கூடவே வெளியே வந்துவிடும், அடுத்தது போய் அதன்மேல் முட்டாது. டிக்காவில் தோட்டாவை வெறுமனே முன்னால் தள்ளி, பேரலின் பின்முனையிலுள்ள அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் சின்னக் கொக்கி பிடிக்கும். எருமை பாய்ந்து வரும் ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ப்ராங்ஹார்ன் நம்மேல் பாய்ந்து யாரும் கேள்விப்பட்டதில்லை. அது எப்போதும் எதிர்த் திசையில்தான் ஓடும். ஆகவே இந்த வேட்டைக்கு நகப்பிடிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண். காலித் தோட்டாவைச் சேர்த்துவைத்து மறுபடி நிரப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: போல்ட்டை மெதுவாக இழுத்தால் பித்தளை கைக்கே வரும், புதருக்குள் தேட வேண்டாம்.

மாடல் 70 நிஜமாகவே ஜெயிக்கும் இடம் வேறு. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சேஃப்டி, அதாவது தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டு.

முள்கம்பி வேலியைத் தாண்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாண்டுவதற்கு முன் அறையில் இருக்கும் தோட்டாவை வெளியே எடுத்து, போல்ட்டைத் திறந்தபடி ரைஃபிளை வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் படுக்க வைத்துவிட்டுத்தான் நாம் குனிந்து போக வேண்டும். ஒரு காலையில் இது எத்தனை தடவை நடக்கும் என்பதை அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் எத்தனை வேலி போட்டிருக்கிறார் என்பதுதான் முடிவு செய்யும். மாடல் 70இல் சேஃப்டிக்கு மூன்று நிலை. முழுக்கப் பின்னால் இருந்தால் ரைஃபிளும் சுடாது, போல்ட்டும் திறக்காது. நடுவில் வைத்தால் சுடுவது பூட்டியே இருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். அதாவது சேஃப்டியை எடுக்காமலே தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். அது தடுப்பதும் விசையை அல்ல, சுடும் ஊசியையே.

டிக்காவில் இரண்டே நிலை. சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் முன்னால் தள்ளி, சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்துதான் போல்ட்டைத் தூக்க முடியும். ஒரு வினாடிதான். ஆனால் விறைத்த விரல், இரண்டு பவுண்டுக்கு இறக்கி வைத்த விசை, பக்கத்தில் கூட வந்தவர் என்று மூன்றும் சேர்ந்தால் அந்த ஒரு வினாடி எனக்குப் பிடிப்பதில்லை. டிக்கா வைத்திருப்பவர்கள் படுத்துக் குறிபார்க்கும் வரை அறையில் தோட்டா ஏற்றாமலே நடக்கலாம். முயலைப்போல் காலடியிலிருந்து கிளம்பும் விலங்கல்ல இது, ஒரு கிலோமீட்டர் தள்ளியே தெரிந்துவிடும். ஏற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

காற்றில் இரண்டும் ஒன்றுதான், அல்லது இரண்டும் சுமார்தான். மெல்லிய பேரல், நாலைந்து குண்டு தொடர்ந்து போட்டால் சூடேறிவிடும். பயிற்சியின்போது ஆறவிட்டுச் சுட வேண்டும். லேசான ரைஃபிள் தோளில் தூக்க இதம், பலமான காற்றில் உட்கார்ந்தபடி சுட்டால் ஆடும். படுத்துவிடுங்கள், பையின் மேலோ பைபாடின் (இருகால் தாங்கி) மேலோ வையுங்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்றே 300 கெஜத்தில் குண்டை ஐந்து முதல் ஏழு அங்குலம் தள்ளிவிடும். வயோமிங்கில் அதைக் காற்று என்றே சொல்ல மாட்டார்கள். மழை, பனி என்று வந்தால் மரக்கட்டை ஈரம் குடித்து லேசாக அசையக்கூடும். பிளாஸ்டிக் கட்டைக்கு அந்தக் கவலை இல்லை, கீறல் விழுந்தாலும் மனசு வலிக்காது.

விலைதான் கடைசியில் தீர்மானிக்கும். டிக்கா லைட் பொதுவாக ஆயிரம் டாலருக்குள் வந்துவிடும். ஃபெதர்வெயிட் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். சில நூறு டாலர் வித்தியாசம். அந்தப் பணத்தில் ஸ்கோப்பை ஒரு படி நல்லதாக வாங்கலாம், அல்லது வேட்டைக்கு முன் சுட்டுப் பழக நிறையத் தோட்டா வாங்கலாம். முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு என் பதில் டிக்கா, 6.5 க்ரீட்மோர், மிச்சப் பணம் தோட்டாவுக்கு. இடக்கைக்காரர் என்றால் யோசிக்கவே வேண்டாம். டிக்கா இடக்கை மாடலும் போடுகிறது. ஏற்கெனவே நன்றாகச் சுடப் பழகி, ரைஃபிளைக் கையில் எடுக்கும்போதே ஒரு சந்தோஷம் வேண்டும் என்பவர், அல்லது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர் மாடல் 70 வாங்கட்டும். பின்னவருக்கு அந்த மூன்று நிலை சேஃப்டி ஒன்றே போதிய காரணம்.

மாடல் 70ஐப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1936இல் வந்த இந்த ரைஃபிளை 1964இல் செலவைக் குறைக்க மாற்றினார்கள். நகப்பிடி போயிற்று, 1990களின் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தது. 2006இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் இருந்த ஆலையை மூடினார்கள். அதன்பின் தென் கரோலினாவில் செய்தார்கள், பிறகு போர்ச்சுகலுக்கும் போனது. இந்தப் பிந்தைய ரைஃபிள்கள் எந்த வகையிலும் மட்டமல்ல, விசை பழையதைவிட மேல். ஆனாலும் "ப்ரீ-64" (1964க்கு முந்தையது) என்ற சொல்லுக்குச் சந்தையில் தனி விலை உண்டு, அதனால் தனிப் பித்தலாட்டமும் உண்டு. போல்ட்டைப் பின்னால் இழுத்து வலப்பக்கம் நீளமான எஃகுப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்து வரிசை எண். ஏழு லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் அது பழைய காலத்து ரைஃபிள். பட்டையே இல்லாததற்கு ப்ரீ-64 விலை சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.