எங்கள் நோட்ரம்ப் தாள்: ஐந்து வருட உபயோகத்துக்குப் பிறகு

குலசேகரத்தில் ரப்பர் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் போன திங்கட்கிழமை போனில் கேட்டார். அவரும் அவர் மச்சானும் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடத் தொடங்கியிருக்கிறார்களாம். "நீயும் சாரும் ஒரு நோட்ரம்ப் தாள் வச்சு ஆடுறீங்களே, அது கொள்ளாமா? கொள்ளாம்னா வாட்சப்புல அனுப்பு." (நோட்ரம்ப் என்றால் துருப்பு இல்லாத ஆட்டம். அதற்கான ஏலத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நானும் சாரும் எழுதிவைத்திருப்பதுதான் அந்தத் தாள்.) ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் கையோடு அனுப்பியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்துக்கு மறுநாள் கேட்டதால், பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஆட்டத்தின் அடிப்படை தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1, மொத்தக் கட்டில் 40 புள்ளி என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை. எங்கள் தாளில் இருப்பது உலகமே ஆடும் சரக்குதான். ஒரு நோட்ரம்ப் என்றால் சமமான கை, 15 முதல் 17 புள்ளி. பதிலுக்கு இரண்டு கிளாவர் சொன்னால் ஸ்டேமன், அதாவது உன்னிடம் நான்கு ஆர்ட்டினோ நான்கு இஸ்பேடோ உண்டா என்ற கேள்வி. இரண்டு டைமன் சொன்னால் கையில் ஆர்ட்டின், இரண்டு ஆர்ட்டின் சொன்னால் கையில் இஸ்பேட். இது ஜேக்கபி டிரான்ஸ்பர். நான்கு கிளாவர் ஏஸ் கேட்பது. நான்கு நோட்ரம்ப் ஏஸ் கேட்பது அல்ல, "உன்னிடம் 17 இருந்தால் ஆறுக்குப் போ" என்ற அழைப்பு. (இந்தக் கடைசி வரியை சார் ஒருமுறை மறந்து, தன் இரண்டு ஏஸையும் எண்ணிச் சொல்லிவிட்டார். அதை மன்னித்தாயிற்று.)

சார் என் பார்ட்னர். தக்கலைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எழுபது தாண்டியவர். இளவயதில் கொஞ்ச காலம் மும்பையில் இருந்தபோது கற்றுக்கொண்ட பிரிட்ஜ் அவருடையது. நான் வந்த வழி வேறு. நம் பக்கத்துப் பையன்கள் எல்லோரையும் போலக் கல்யாண வீட்டுப் பந்தலில் 28 ஆடி வளர்ந்தவன். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய ஆள், அவனுக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2. ராஜாவும் ராணியும் வெறும் அலங்காரம். பிரிட்ஜுக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகும் கையில் இரண்டு ஜாக்கி வந்தால் என் முகம் மலர்ந்துவிடும். "என்ன மக்கா, பெரிய கையா?" என்று சார் கேட்பார். பார்த்தால் 6 புள்ளி இருக்கும்.

28-இல் பார்ட்னருக்குக் கண்ணாலேயே பாதி சேதி போய்விடும். மூக்கைச் சொறிந்தால் ஒன்று, இருமினால் இன்னொன்று. பிரிட்ஜில் அது குற்றம். ஏலத்தில் சொல்லும் சொல் ஒன்றுதான் வழி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் அவருக்கும் சொல்லியாக வேண்டும். ஆகவே பார்ட்னரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளாமல் தீராது. கொரோனா ஊரடங்கில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் ஆடத் தொடங்கியபோது அப்படி எழுதியதுதான் இந்தத் தாள். முதலில் ஒரு பக்கம், இப்போது நான்கு.

வரம்பு முடிவாகவே மூன்று வாரம் ஆனது. சாருக்கு அவர் படித்த காலத்து 16 முதல் 18 வரை வேண்டும். நான் கணக்குச் சொன்னேன். மூன்று நோட்ரம்புக்கு இரண்டு கையும் சேர்ந்து 25 வேண்டும். 15 முதல் 17 என்றால் 8, 9 வைத்திருப்பவன் அழைப்பு விடலாம், 10 இருந்தால் நேராகப் போகலாம். தவிர 15 புள்ளிக் கை 18-ஐ விட அடிக்கடி வரும். கணக்கு வாத்தியாரிடம் கணக்குச் சொன்னால் பலிக்கும் என்று நினைத்தேன். பலித்தது, ஆனால் வட்டியோடு. இப்போது நல்ல ஐந்து சீட்டு வகை இருந்தால் 14-க்கே திறக்கிறார். "கூட்டல் சரிதான், கைக்கும் ஒரு மதிப்பு போடணும்லா" என்பார். சரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. டிரான்ஸ்பர் அருமையான சங்கதி. சார் ஒரு நோட்ரம்ப் திறக்கிறார், என்னிடம் ஆறு இஸ்பேடும் பூஜ்யம் புள்ளியும். பழைய முறையில் நான் இரண்டு இஸ்பேட் சொல்லி (வகையை முதலில் சொன்னவர்தான் ஆடுவார், பார்ட்னர் சீட்டை விரித்து வைத்துவிட வேண்டும்), என் கையால் ஆடி, அவருடைய ராஜாக்கள் எல்லாம் மேசையில் மல்லாந்து கிடக்கும். இப்போது நான் இரண்டு ஆர்ட்டின் சொல்கிறேன், அவர் இரண்டு இஸ்பேட் சொல்கிறார், ஆடுவது அவர். எதிராளியின் முதல் சீட்டு அவருடைய பலமான கையை நோக்கி வருகிறது, அந்தக் கை யாருக்கும் தெரியாமல் மூடியே இருக்கிறது. இதற்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். ஆஸ்வால்ட் ஜேக்கபி இதை எழுதி வெளியிட்டது 1956-இல். அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் மாவட்டமும் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு டிரான்ஸ்பர் ஆனது. இதைச் சொல்லித்தான் சார் தன் பேரனுக்கு ஜேக்கபியைப் புரியவைத்தார். பையனுக்கு என்ன புரிந்ததோ, வருடம் மட்டும் மனப்பாடம்.

ஸ்டேமனும் குறை சொல்ல முடியாதது. இரண்டு பக்கமும் நான்கு நான்கு இஸ்பேட் இருந்தால் நோட்ரம்பில் கிடைக்காத ஒரு பிடி துருப்பில் கிடைக்கும், அதைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடு. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் குப்பைக் கை உபயோகம். புள்ளியே இல்லை, கிளாவர் ஒன்றே ஒன்று, மற்ற மூன்றிலும் நான்கு நான்கு. இரண்டு கிளாவர் சொல்லிவிட்டு, அவர் என்ன பதில் சொன்னாலும் பாஸ். ஒரு நோட்ரம்பில் சாக வேண்டியவன் இரண்டில் எங்கோ கரையேறுகிறான். ஸ்டேமனை முதலில் யோசித்தவர் ஸ்டேமன் அல்ல, அவருடைய பார்ட்னர் ஜார்ஜ் ராபே. ஸ்டேமன் 1945-இல் கட்டுரை எழுதினார், பெயர் அவருக்குப் போய்விட்டது. எங்கள் தாளில் உள்ள திருத்தங்களில் முக்கால்வாசி என்னுடையவை என்பதை இந்த இடத்தில் சும்மா பதிவு செய்துவைக்கிறேன்.

இப்போது ஐந்து வருடமாகத் தீராத தொல்லைக்கு வருகிறேன். எதிராளி வாயைத் திறந்தால் என்ன செய்வது?

தாளில் எழுதியது எல்லாம் எதிராளி இரண்டு பேரும் பாஸ் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கும் உலகத்துக்கு. நாங்கள் ஒரு நோட்ரம்ப் சொன்ன உடனே ஒருவர் டபுள் (உங்களால் முடியாது, அபராதம் கூட்டு என்ற சவால்) என்றால் டிரான்ஸ்பர் இருக்கிறதா, போய்விட்டதா? இருக்கிறது என்று நான் நினைத்தேன். போய்விட்டது, அபாயத்தில் அவரவர் நீளமான வகைக்கு ஓட வேண்டியதுதான் என்று சார் நினைத்தார். இரண்டுக்கும் உலகத்தில் ஆள் உண்டு, இரண்டும் தப்பில்லை. இருவருமே இதைக் கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்ததுதான் வினை.

முதல் தடவை அவர் ஐந்து ஆர்ட்டினோடு இரண்டு ஆர்ட்டினுக்கு ஓடினார், நான் டிரான்ஸ்பர் என்று இரண்டு இஸ்பேட் போட்டேன். அவரிடம் இஸ்பேட் ஒன்று. சிரித்தோம். இரண்டாம் தடவை ஆன்லைனில். அங்கே நம் ஏலத்துக்கு நாமே விளக்கம் தட்டச்சு செய்ய வேண்டும். எதிராளிக்கு அது தெரியும், பார்ட்னருக்குத் தெரியாது. நான் இரண்டு டைமன் சொல்லி, "கையில் ஆர்ட்டின்" என்று ஒழுங்காகத் தட்டினேன். என்னிடம் ஆர்ட்டின் இருக்கிறது என்று மேசையில் சாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சார் பாஸ்.

மூன்றாம் தடவை திருவனந்தபுரத்தில், காசு கட்டிச் சேர்ந்த ஒரு போட்டியில். சாரிடம் 16 புள்ளி, ஒரு நோட்ரம்ப். அடுத்தவர் டபுள். என் கையில் ஐந்து ஆர்ட்டின், அதன் தலையில் ஒரே ஒரு ஜாக்கி (28 என்றால் ராஜா மாதிரி இருந்திருப்பேன்), இஸ்பேட் இரண்டு, டைமன் இரண்டு, கிளாவர் நான்கு. மொத்தம் 1 புள்ளி. இரண்டு டைமன் என்றேன். சார் மூன்று டைமனை வைத்துக்கொண்டு பாஸ் சொன்னார். டபுள் சொன்ன மனிதர் எங்கள் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அவர் கையில் டைமன் வரிசையாக இருந்தது. மறுபடி டபுள் சொன்னால் நாங்கள் முழித்துக்கொண்டு ஆர்ட்டினுக்கு ஓடுவோம் என்று தெரிந்தவர். வாயை மூடிக்கொண்டு பாஸ் என்ற பச்சை அட்டையை வைத்தார். இரண்டு டைமனுக்கு எட்டு பிடி எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு எடுத்தேன். வல்னரபிள் (அபராதம் கூடுதலாக விழும் நிலை), 400 போச்சு. மனிதர் பேராசைப்பட்டு நாங்களும் தூங்கியிருந்தால் 1100. பக்கத்திலேயே எட்டு ஆர்ட்டின் கிடந்தது, இரண்டு ஆர்ட்டினில் ஒன்று குறைந்திருந்தாலும் 100-தான்.

ரயிலில் நெய்யாற்றின்கரை வரை அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் செல்போனைப் பார்த்தேன். பாறசாலையிலும் பேச்சில்லை. குழித்துறையில் கட்டன் சாயா இரண்டு வாங்கி ஒன்றை என் பக்கம் நீட்டினார். இரணியலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "சவத்த விடு மக்கா. ஒரு வரி எழுதிரு, நான் பாத்துக்கிடுதேன்."

எழுதினேன். "எதிராளி குறுக்கே வந்தாலும் எல்லாம் பழையபடி." தாளை வாங்கிக்கொண்டு போன சார், தக்கலையில் நான்கு பக்கத்தையும் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார்! பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டு அட்டை மாதிரி மினுமினுவென்று இருந்தது. அதன்பிறகு எத்தனை டபுள் வந்தும் அவர் பிசகவே இல்லை. நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன். குலசேகரத்து நண்பர் காதில் விழுந்தது அந்தப் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுத் திண்ணையில் ஆட்டம். வெளியே நல்ல மழை, தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும். சார் ஒரு நோட்ரம்ப். அடுத்தவர் டபுள் சொல்லவில்லை, இரண்டு கிளாவர் என்றார். கிளாவர் அல்ல, இஸ்பேட், ஆர்ட்டின் என்ற இரண்டு பெரிய வகையும் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தமாம். அவர் பார்ட்னர் முறையாக விளக்கினார். என்னிடம் 9 புள்ளி, இஸ்பேட் நான்கு. டபுள் என்றேன். "பலம் நம்மிடம் இருக்கிறது, இவர்களை ஓட விட்டுப் பிடிப்போம்" என்று மனதில். சார் கொஞ்சமும் தயங்காமல் இரண்டு ஆர்ட்டின் என்றார். ஐந்து ஆர்ட்டினோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் மேசையில், தன் நான்கு ஆர்ட்டினை அறிவித்தார். நான் இரண்டு நோட்ரம்ப், அவர் மூன்று. இரண்டு பிடி குறைந்தது.

"சார், அது ஸ்டேமன் இல்ல சார்!" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார். "எல்லாம் பழையபடின்னு எழுதினது ஆரு? அவன் நம்ம ரெண்டு கிளாவர எடுத்துட்டான். அப்பம் உனக்க டபுள்தானே ரெண்டு கிளாவர்?"

எழுதியது நான். எழுதியபடி பார்த்தால் அவர் சொல்வது சரி. குறுக்கே வந்தவன் எடுத்துக்கொண்ட ஏலத்துக்குப் பதிலாக டபுள் என்று பலரும் ஆடுகிறார்கள். இந்தத் தடவையும் அவர் தாளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார், தாளைத் தாண்டிப் போனது நான். அதுதான் இன்னும் எரிகிறது. மற்ற மூன்று தடவையும் அவரைத் திட்டித் தூங்கியவன், ஞாயிறு இரவு தூங்கவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஸ்டேமன் நல்லது, டிரான்ஸ்பர் அதைவிட நல்லது, இவ்வளவு நேரம் நான் புகழ்ந்தது எதையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் வாங்காதீர்கள். மச்சானோடு உறவு நீடிக்க வேண்டுமானால் இரண்டு டைமன் என்றால் டைமன், டபுள் என்றால் அடி என்று ஆடுங்கள். சில ஆட்டம் தோற்பீர்கள், ரயிலில் பேசிக்கொண்டு வரலாம். தாளை அனுப்ப மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சார் கூப்பிட்டார். லேமினேஷன் மேல் பேனா ஓடவில்லையாம். ஒரு துண்டுத் தாள் வெட்டி வைத்திருக்கிறார், செலோடேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம், வரியை மட்டும் சொல் என்றார். அப்போதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய இரண்டு கிளாவர் உண்மையான கிளாவர் என்றால் நம் டபுள் ஸ்டேமன். இரண்டு பெரிய வகையைக் காட்டினால் டபுள் பலம். கிளாவரோடு இன்னொன்று என்று சொன்னால்? இதற்கே துண்டுத் தாள் நிறைந்துவிட்டது. அவர்கள் இரண்டு டைமன் சொன்னால் என்ன என்பதற்கு நான் இன்னும் வரவே இல்லை.