ஸ்பிளிட் ஸ்கிரீன் டெம்ப்ளேட் வாங்கப் போகிறீர்களா? 49 டாலர் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் கீபோர்டு பாட வீடியோவை நான்தான் எடிட் செய்கிறேன். ஒரு கேமரா அவள் முகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று மேலிருந்து விரல்களைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே திரையில் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கிளிப்பையும் 50 சதவீதமாகச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. எரிச்சலில் தேடியபோதுதான் டெம்ப்ளேட், அதாவது நம் கிளிப்பைப் போட்டுக்கொள்ளும் ஆயத்த வடிவமைப்பு, விற்கும் ஒரு தளம் கண்ணில் பட்டது.

மாதிரி வீடியோ பிரமாதம். திரை நான்காகப் பிரிகிறது, வெள்ளைக் கோடு சறுக்கிக்கொண்டு வருகிறது, படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. விலை 49 டாலர், ஒரே ஒரு முறை கட்டினால் போதும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அப்படியும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாட்டில் கேட்டேன்: "என்னிடம் இருப்பது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அதில் இது ஓடுமா?" ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது: "எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் ஓடும். கிளிப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. இவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவர்கள் பிறகும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையின் விலைதான் 49 டாலர்.

ஜிப்பைப் பிரித்தால் உள்ளே முழுக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வேறொரு மென்பொருளின் புராஜெக்ட் கோப்புகள். அவை அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும், ரிசால்வ் அவற்றைச் சீண்டக்கூட இல்லை. நண்பர் ஒருவரிடம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருக்கிறதே என்று அவருக்கு அனுப்பினேன். இந்தக் கோப்பு புதிய பதிப்பில் சேமித்தது, உன் பழைய பதிப்பில் திறக்காது என்று அங்கேயும் கதவைச் சாத்தியது.

அப்புறம் அந்தத் தளத்திடமே முறையிட்டேன், தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் பதில்: "கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." இரண்டாவது: "சரியான மென்பொருளை வாங்கிக்கொள்ளுங்கள்." ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குச் சந்தா யார் கட்டுவது? மூன்றாவது: "டவுன்லோட் செய்துவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது." டவுன்லோட் செய்யாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித்தான் பார்ப்பது! சாட்டில் அவர்களே எழுதிக்கொடுத்த வாக்கைக் காட்டலாம் என்று போனால், என் பக்கத்தில் அந்த உரையாடலே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதது என் முட்டாள்தனம். 49 டாலர், கைக்கு வந்தது திறக்காத ஒரு ஜிப்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வேலையை விடியற்காலையில் நானே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். நான் செய்த தப்பு சுருக்கியதுதான். சுருக்கக் கூடாது, வெட்ட வேண்டும். 1920க்கு 1080 படத்தை 100 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, இடமும் வலமும் கால் பங்கு, அதாவது 480 பிக்சல், கிராப் செய்தால் நடுவில் 960 அகலம் மிஞ்சும். அதை ஒரு ஓரமாக 480 பிக்சல் நகர்த்தினால் பாதித் திரை கச்சிதமாக நிறைகிறது. கீபோர்டு நீளமானது, இப்படி வெட்டினால் இரு முனைக் கட்டைகளும் போய்விடும். அதனால் நான் மேல் கீழாகப் பிரித்தேன்: மேலும் கீழும் 270 பிக்சல் வெட்டி, முகத்தை 270 தூக்கி, விரல்களை 270 இறக்கினேன். இரண்டு கேமரா ஒலியையும் ஒத்துப்போக வைக்க, தங்கை ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்டியிருந்தது உதவியது. சறுக்கும் வெள்ளைக் கோடு இல்லை. யாருக்கு வேண்டும் அது?

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கோப்பு எந்த வகை, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள், "எல்லாவற்றிலும் ஓடும்" என்றால் நகர்ந்துவிடுங்கள். சாட்டை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் திரும்பத் தரும் விதியைக் கட்டும் முன்பே படியுங்கள். கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

இன்னொன்று, தானாகப் புதுப்பிக்கும் டிக் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கணக்குப் பக்கத்தில் பாருங்கள். இதை எழுதும்போதே என்னுடையதைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு முறை என்றார்களே, அடுத்த மாதம் இதே தேதியில் இன்னொரு 49 டாலர் என்று இருக்கிறது. முதலில் போய் அதை நிறுத்திவிட்டு வருகிறேன்.