சிறிய மேசை ரம்பமா, கனத்த மேசை ரம்பமா? பிளேடையும் சேர்த்து ஓர் அலசல்

வீட்டுப் பட்டறைக்கு மேசை ரம்பம் (மேசை நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்கும் ரம்பம்) வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை குதிரைசக்தி?" என்பதைத்தான். நானும் அதைக் கேட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு வகை ரம்பத்திலும் பல வருடம் மரம் அறுத்த பிறகு அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பலகையை ஒட்டித் தள்ளுகிற ஃபென்ஸ் நேராகப் பூட்டிக்கொள்கிறதா, நல்ல பிளேடு அதற்குக் கிடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தூக்கிச் செல்லும் சிறிய ரம்பத்துக்கு அலுமினிய மேசை, கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், 25 முதல் 40 கிலோ எடை. சத்தம் கடுமையாக இருக்கும். காதடைப்பான் இல்லாமல் அதன் அருகில் நிற்கவே கூடாது. கனத்த ரம்பத்துக்கு வார்ப்பிரும்பு மேசை, பெல்ட்டில் சுற்றும் இண்டக்ஷன் மோட்டார். அதிலேயே மோட்டார் பின்பக்கம் தொங்குவது ஒரு வகை, பெட்டிக்குள் அடங்கிய கேபினெட் ரம்பம் இன்னொரு வகை. 3 முதல் 5 குதிரைசக்தி கொண்ட கேபினெட் ரம்பம் 200 கிலோவைத் தாண்டும். அது தொழிற்கூடத்துக்கு உரியது. வீட்டில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

எடையின் அருமையை ஒரு நாணயம் காட்டிவிடும். வார்ப்பிரும்பு மேசையில் நாணயத்தை விளிம்பில் நிறுத்திவிட்டு ரம்பத்தை ஓடவிட்டேன். லேசாக நடுங்கியது, விழவில்லை. என் பழைய சிறிய ரம்பத்தில் சுவிட்சைத் தட்டியதுமே உருண்டு விழுந்தது. ஆனால் அதிர்வைவிட முக்கியமான வேறுபாடு, பிளேடுக்கு முன்னால் இருக்கும் மேசையின் நீளம். சிறிய ரம்பத்தில் நீண்ட பலகை ஃபென்ஸோடு ஒட்டி அமர்வதற்குள் பல் மரத்தைத் தொட்டுவிடுகிறது. முதல் சில அங்குலம் கோணலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கையில் பழுதில்லை.

முழு பிளைவுட் ஷீட்டை அறுப்பதற்காகவே பெரிய ரம்பம் தேடுகிறவர்களும் உண்டு. 2440க்கு 1220 மில்லிமீட்டர் அளவுள்ள 18 மில்லிமீட்டர் ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒற்றை ஆளாகத் தூக்கி, ஃபென்ஸில் ஒட்டி, பிளேடைத் தாண்டித் தள்ளுவது எந்த ரம்பத்திலும் ஆபத்தானது. நேர்ச்சட்டம் வைத்துக் கைவட்ட ரம்பத்தால் முதலில் துண்டாக்குங்கள். கடைசி அளவுக்கு மட்டும் மேசை ரம்பத்துக்கு வாருங்கள். இந்த வேலையில் கைவட்ட ரம்பமே மேல்.

ஃபென்ஸ் விஷயத்தில் சிறிய ரம்பங்கள் இப்போது பின்தங்கவில்லை. டிவால்ட் நிறுவன ரம்பம் போன்றவற்றில் பற்சக்கரம் ஃபென்ஸின் முன்னையும் பின்னையும் ஒன்றாக நகர்த்துவதால் அது இணையாகவே நிற்கிறது. கனத்த ரம்பங்களில் முன்பக்கம் மட்டும் இறுகும் 'டி' வடிவச் சட்டம் உறுதியானது. இரண்டு முனைகளையும் தனித்தனியாக இறுக்க வேண்டிய மலிவு ஃபென்ஸ் இருந்தால், மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த ரம்பம் வேண்டாம். சோதிப்பது எளிது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் பென்சிலால் குறியிடுங்கள். மேசையில் உள்ள நீளப் பள்ளத்தில் மூலைமட்டத்தை வைத்து, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது ஒரு முறையும், அதையே பின்பக்கம் சுழற்றி ஒரு முறையும் அளந்து பாருங்கள். அதே பள்ளத்திலிருந்து ஃபென்ஸையும் இரு முனைகளில் அளக்க வேண்டும். பின்முனை பிளேடை நோக்கி நெருங்கினால் மரம் நெரிபடும், விளிம்பு கருகும், அதற்கும் மேல் போனால் பலகை எகிறும்.

இனி பிளேடு. 10 அங்குல பிளேடு நேராக நிற்கும்போது சுமார் 79 மில்லிமீட்டர் ஆழம் அறுக்கும். 45 பாகை சாய்த்தால் 57. எட்டேகால் அங்குல ரம்பத்தில் இவை சுமார் 65, 45. வீட்டு வேலைக்கு அந்த ஆழம் போதும் என்றாலும் 10 அங்குலத்தில்தான் பிளேடு வகைகள் அதிகம் கிடைக்கின்றன. எனக்கு அதுவே அதன் பக்கம் சாய்வதற்குக் காரணம்.

நடுத்துளையிலும் கவனம் தேவை. வட அமெரிக்க ரம்பங்களில் பிளேடு மாட்டும் தண்டு 15.88 மில்லிமீட்டர், ஐரோப்பியவற்றில் 30, சில ரம்பங்களில் 25.4. 250, 254 மில்லிமீட்டர் பிளேடுகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். துளையைக் குடைந்து பெரிதாக்குவது உயிரோடு விளையாடுவது. பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச சுழற்சி வேகம், ரம்பத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத பொருத்தம் ஒன்று உண்டு. பிளேடுக்குப் பின்னால், அறுபட்ட வாய் மூடிக்கொள்ளாமல் காக்கும் பிளவுத் தகடு நிற்கிறது. அது பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பற்கள் ஏற்படுத்தும் வெட்டு அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தகடு 2.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். உடல் 1.8, வெட்டு 2.6 உள்ள பிளேடு சரியாகப் பொருந்தும். வெட்டு 2 மில்லிமீட்டர்தான் என்றால் பலகை தகட்டில் முட்டி நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது. ஆத்திரத்தில் தகட்டைக் கழற்றிவிட்டு அறுத்தேன். பாதி தூரத்தில் வெட்டு வாய் மூடி, பிளேடைக் கவ்வியது. நான் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றிருந்ததால் பலகை என்னைத் தொடாமல் பின்சுவரில் போய் மோதியது. பூச்சில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. நிமிடத்துக்கு 4000 முறை சுழலும் 10 அங்குல பிளேடின் பல்நுனி நொடிக்கு சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தகடு பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டியது பிளேடை. தகட்டைக் கழற்றக் கூடாது.

மெல்லிய வெட்டா, முழு வெட்டா? 3.2 மில்லிமீட்டர் எடுக்கும் இடத்தில் 2.4 எடுத்தால் மோட்டார் தின்ன வேண்டிய மரம் கால்பங்கு குறைகிறது. சிறிய ரம்பத்துக்கு மெல்லியதே நல்லது. கனத்த ரம்பத்தில் முழு வெட்டு பிளேடு வளையாமல் நேராக ஓடும்.

பல் எண்ணிக்கையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கப்படும் 40, 50 பல் பிளேடை விட, 24 பல்லில் ஒன்றும் 60 பல்லில் ஒன்றும் வைத்துக்கொள்வது மேல். தட்டைமுனை கொண்ட 24 பல், நார் ஓடும் திசையில் அறுப்பதற்கு. பற்களுக்கு இடையே உள்ள ஆழமான பள்ளங்கள் தூளை வாரி வெளியேற்றும். இடமும் வலமும் மாறிமாறிச் சாய்ந்த 60 பல், குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டில் சிராய் பெயராமல் இருக்கவும். 60 பல்லை நீளவாக்கில் தடித்த மரத்தில் தள்ளினால் பள்ளங்கள் அடைத்து மரம் கருகும். ரம்பத்துக்குச் சக்தி போதவில்லை என்று குறைபட்டவர்களில் பலருக்கு நான் பிளேடை மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன். அதே ரம்பம் அதே மரத்தை அறுத்தது. தேக்கில் உள்ள சிலிக்கா பல்லை விரைவில் மழுக்கும் என்பது உண்மை. ஆனாலும், சாணை பிடிக்கக் கொடுப்பதற்கு முன் பல்லில் ஒட்டிய பிசினைக் கழுவிப் பாருங்கள்.

தோல் பட்டதும் பிளேடை நிறுத்தும் ரம்பமும் இருக்கிறது. 1999இல் ஸ்டீவ் காஸ் உருவாக்கிய சாஸ்டாப் நுட்பத்தில், அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து சுமார் 5 மில்லிநொடிக்குள் நிறுத்திவிடும். அந்தக் கட்டையும் பிளேடும் அத்தோடு வீண்; விரலோடு ஒப்பிட்டால் அது இழப்பே இல்லை. சிறிய ரம்பத்திலும் இது கிடைக்கிறது. வாங்க முடிந்தால் தயங்காதீர்கள். தோலை அது பிளேடு வழியாக மின்சாரத்தால்தான் உணர்கிறது; அதனால் மின்சாரம் கடத்தாத பூச்சு நடுவில் பூசிய பிளேடுகள் மட்டும் அதற்கு ஆகாது. பலகை எகிறுவதை இது தடுப்பதில்லை என்பதால் பிளவுத் தகடு அங்கும் வேண்டும்.

வேலை முடிந்ததும் சுவரோரம் ஒதுக்கி வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு என் தேர்வு, பற்சக்கர ஃபென்ஸ் கொண்ட 10 அங்குலச் சிறிய ரம்பமும் மெல்லிய வெட்டுள்ள அந்த இரண்டு பிளேடுகளும். நிரந்தர இடமும் வாராவாரம் கடினமரத்தில் வேலையும் இருந்தால், ஒன்றரை முதல் 2 குதிரைசக்தி வரையுள்ள வார்ப்பிரும்பு ரம்பம். எதுவானாலும் பார்க்கப் போகும்போது வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்துச் சென்று, முதலில் பிளவுத் தகட்டின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிளேடு தேட அந்த எண் வேண்டும்.