பிராக்கில் ஒரு பியர் மாலை: பப் க்ராலா, பியர் டூரா, சொந்தமாகச் சுற்றுவதா?

செக் நாட்டுத் தலைநகரான பிராக் நகரத்தில் ஒரு மாலைப் பொழுதைப் பியரோடு கழிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஹாஸ்டல் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கும் பப் க்ரால். முப்பது நாற்பது பேர் ஒரு கைடின் பின்னால் பார் பாராகப் போய், கடைசியில் ஒரு டான்ஸ் கிளப்பில் போய் முடிவது. இரண்டாவது, எட்டுப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளூர்க்காரர் ஒருவர் மூன்று நான்கு இடங்களில் உட்காரவைத்து ருசி பார்க்கச் சொல்லித்தரும் பியர் டூர். மூன்றாவது, கையில் டிராம் டிக்கெட்டோடு நாமே கிளம்பிவிடுவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பப் க்ராலில் நாம் காசு கொடுத்து வாங்குவது கூட்டாளிகளை. ஊரையும் பியரையும் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். தனியாகப் பயணம் வந்து, இரண்டு நாளாக யாரோடும் பேசாமல் சலித்துப் போன இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூட்டாளிகள் பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நண்பர்களோடோ துணையோடோ போகிறவர்களுக்கு அதில் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

பப் க்ரால் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பழைய நகரப் பகுதியில் ஓரிடத்தில் கூட்டம் சேரும். முதல் பாரில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ 'அளவில்லாத' பியர், ஒயின், சில இடங்களில் வோட்காவும் அப்சிந்த் என்ற கடுமையான மூலிகை மதுவும். ஆளோடு ஆள் பழக வைக்கச் சில குடி விளையாட்டுகள். அப்புறம் இரண்டு மூன்று பார்கள், ஒவ்வொன்றிலும் வரவேற்புக்கு ஒரு சின்ன கிளாஸ். முடிவில் கிளப்பில் வரிசையில் நிற்காமல் நுழைவு. சில நிறுவனங்கள் டி-ஷர்ட்டும் தருகின்றன. இதற்கு ஏறக்குறைய 25 முதல் 35 யூரோ வரை வாங்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூரோவுக்குச் சுமார் 25 செக் கொருனா. 30 யூரோ என்றால் 750 கொருனா. சாதாரணக் கடையில் அரை லிட்டர் நல்ல பியர் 60, 70 கொருனாவுக்குக் கிடைக்கிறது. அதாவது க்ரால் கட்டணத்தில் பத்து கிளாஸ் பியர் வாங்கலாம். 'அளவில்லாத' என்ற சொல் முதல் பாரோடு முடிந்துவிடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் யார் பத்து கிளாஸ் குடிப்பார்? குடிக்கத்தான் வேண்டுமா? கொடுத்த காசை ஈடுகட்டும் அவசரத்தில் மடமடவென்று ஊற்றிக்கொண்டு, மூன்றாவது பாருக்குப் போகும்போது ஊர் எது, தெரு எது என்று தெரியாமல் நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக் கட்டியில் தீ வைத்து அப்சிந்த் ஊற்றும் வேடிக்கை கூட பழைய செக் வழக்கம் இல்லை. 1990-களில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரவிய சங்கதி.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 அக்டோபரில் பிராக் நகர நிர்வாகம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஏற்பாடு செய்யப்பட்ட பப் க்ரால்களைத் தடை செய்ய முடிவெடுத்தது. நடு இரவில் கூச்சலும் தெருவில் அசிங்கம் செய்வதும் தாங்க முடியாமல் பழைய நகரவாசிகள் ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்லி வந்ததன் விளைவு அது. நகரத்தின் மையமான பிராக் 1 வட்டாரத்தில் வசிப்பவர்கள் சுமார் 30,000 பேர்தான். சுற்றுலாக் கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் சிறுபான்மை. எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நாமாகவே பார் பாராகப் போவதற்கு எந்தத் தடையும் கிடையாது. கைடு வைத்துக் கூட்டமாக அழைத்துப் போவதற்குத்தான். ஆகவே இப்போது க்ரால் டிக்கெட் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், 10 மணிக்கு நாம் எங்கே இருப்போம்?" என்பதைத்தான். மழுப்பலாகப் பதில் வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் விட க்ரால் எனக்கு ஒத்துவராததற்கு முக்கியக் காரணம், செக் நாட்டு மதுக்கடை உட்கார்ந்து குடிப்பதற்கானது என்பதுதான். அதை ஹொஸ்போதா என்பார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கும் மேல் பியர் குடிக்கிற, உலகத்திலேயே இதில் முதலிடத்தில் இருக்கிற ஜனங்கள். ஆனாலும் அவர்கள் குடிப்பதில் அவசரமே இருக்காது. ஒரு மேஜையைப் பிடித்தால் மாலை முழுவதும் அங்கேதான்.

உள்ளே போனதும் நடப்பது இது. நீளமான மரமேஜை. ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். "யே து வொல்னோ?", அதாவது இங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டும். பரிசாரகர் வந்து முன்னால் ஓர் அட்டையை வைப்பார், அதன் மேல் பியர் வந்து உட்காரும். பக்கத்தில் ஒரு நீளத் துண்டுக் காகிதம். ஒவ்வொரு கிளாசுக்கும் பேனாவால் அதில் ஒரு கோடு. பழைய பாணிக் கடைகளில் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாசின் மேல் மூடி வைக்க வேண்டும். கடைசியில் கோடுகளை எண்ணிப் பணம். அந்தக் காகிதத்தைத் தொலைக்கவோ அதில் கிறுக்கவோ கூடாது. அவருக்கு அதுதான் கணக்குப் புத்தகம். அந்த நாற்பது பேர் க்ரால் கூட்டத்தை இப்படி ஒரு கடைக்குள் கொண்டுபோகவே முடியாது, பாதி மேஜைகள் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் க்ரால் நிறுவனங்கள் தங்களுக்கென்றே ஒத்துக்கொண்ட பார்களுக்கு மட்டும்தான் கூட்டிப் போகின்றன. அந்த பார்களைத் தூக்கிப் புடாபெஸ்டில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

சரி, பியர் டூர்? இது விலை கூடுதல்தான். பெரும்பாலும் 50 யூரோவை ஒட்டி வரும். மூன்று மணி நேரம், சிறு குழு, உட்கார இடம், கூடவே கொறிக்க ஏதாவது. நல்ல கைடு அமைந்துவிட்டால் கொடுத்த காசு முழுக்கத் தகும். ஏனென்றால் இங்கே பியரைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது, அதைத் தானாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். உதாரணத்துக்கு, மெனுவில் 10°, 12° என்று போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர் அதை ஆல்கஹால் சதவீதம் என்று நினைத்துப் பயப்படுவார். அது புளிக்க வைக்கும் முன் கரைசலில் இருக்கும் சர்க்கரைச் சத்தின் அளவு. 10° பியரில் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம், 12° என்றால் 5 சதவீதத்தை ஒட்டி.

அப்புறம் நுரை. ஒரே குழாயிலிருந்து ஒரே பியரை மூன்று விதமாக ஊற்றுவார்கள். ஹ்லாதிங்கா என்பது வழக்கமானது: முதலில் நுரையை விட்டு, அதன் அடியில் பியரை நிரப்புவார்கள், மேலே மூன்று விரல் கனத்துக்கு ஈரமான, கிரீம் மாதிரி நுரை நிற்கும். அந்த நுரைதான் காற்றுப் படாமல் பியரைக் காக்கிறது. 'நுரையைக் குறைத்து ஊற்றுங்கள்' என்று கேட்டால் ஊற்றுகிறவரின் முகம் மாறும். ஷ்னித் என்பது நுரை அதிகமும் பியர் குறைவுமாக வருவது. இன்னும் கொஞ்சம் வேண்டும், ஆனால் முழு கிளாஸ் வேண்டாம் என்கிறவருக்கு. ம்லீகோ என்றால் பால். கிளாஸ் முழுக்க இனிப்பான நுரை, அது அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். இந்த மூன்றையும் வரிசையாக வைத்து, குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுகிற டூர் என்றால் தாராளமாகப் போங்கள். டாங்க் பியர் தரும் கடை அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்டுரைஸ் செய்யாத பியரைப் பெரிய எஃகுத் தொட்டியில் ஒரு பைக்குள் வைத்து, பையை வெளியிலிருந்து காற்றால் அழுத்தித் தள்ளுவார்கள், பியரில் காற்றே படாது. பில்ஸ்னர் உர்க்வெல் என்ற செக் பியரை அப்படிக் குடித்தால் 1842-இல் பில்சென் நகரத்தில் யோசெப் க்ரோல் காய்ச்சிய அந்த வெளிர் தங்க நிற லாகர் வகைப் பியர் ஏன் உலகத்தையே மாற்றியது என்பது புரியும். பாட்டிலில் அது பாதிதான் தெரியும்.

மோசமான பியர் டூர்களும் உண்டு. ஒரே நிறுவனத்தின் மூன்று கிளைகளுக்குக் கூட்டிப்போய், சின்னச் சின்னக் கிளாசில் எட்டு வகை ஊற்றிக் கொடுத்து, வரலாற்றை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பதிவு செய்யும் முன் குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், எந்தெந்தக் கடைகள் என்று எழுதிக் கேளுங்கள். 12 பேருக்கு மேல் என்றால் அது வேறு பெயரில் இன்னொரு க்ரால்தான்.

மூன்றாவது வழிக்கு, அதாவது சொந்தமாகச் சுற்றுவதற்கு, கொஞ்சம் துணிச்சல் போதும். ஹூசோவா தெருவில் இருக்கிற உ ஸ்லதேஹோ திக்ரா, 'தங்கப் புலி', மதியம் 3 மணிக்குத் திறக்கிறது. திறக்கும் முன்பே வாசலில் உள்ளூர்ப் பெரியவர்கள் நிற்பார்கள். எழுத்தாளர் பொஹுமில் ஹ்ரபால் தினமும் வந்து உட்கார்ந்த கடை. 1994-இல் அப்போதைய செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அமெரிக்க அதிபர் கிளின்டனைக் கூட்டி வந்ததும் இங்கேதான். 3 மணிக்குப் போனால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு, 7 மணிக்குப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பிராக் கோட்டைக்கு மேலே லொரெத்தா சதுக்கத்தில் உ செர்னேஹோ வோலா, 'கருப்பு எருது'. கோட்டையைச் சுற்றி விலை எகிறிக் கிடக்கிற பகுதியில் இன்னும் ஊர்க்காரர்களுக்காகவே நடக்கிற கடை. அங்கே உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர்களின் பேச்சு ஒரு சொல் கூடப் புரியாவிட்டாலும் மனசு நிறைந்துவிடும்.

உ ஃப்ளெகூவுக்குப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். 1499-லிருந்து பியர் காய்ச்சும் இடம், அவர்களுடைய 13° கருப்பு லாகர் நிஜமாகவே அருமை. ஆனால் அங்கே தட்டில் நீட்டப்படும் சின்ன கிளாஸ் மதுபானம் அன்பளிப்பு இல்லை. எடுத்தால் பில்லில் ஏறும். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கருப்புப் பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். க்ரால் தருகிற கூட்டம் வேண்டும், ஆனால் க்ரால் வேண்டாம் என்றால் வெயில் காலத்தில் லெத்னா பூங்காவின் பியர் தோட்டம். நீண்ட பெஞ்சுகள், கீழே வல்தாவா நதியும் பாலங்களும், பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். தனியாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இல்லாவிட்டால் ஜிஷ்கோவ் பகுதி. தெருவுக்குத் தெரு கடை, விலையும் குறைவு.

பியர் டூரில் முதல் மாலை, அதில் கற்றதை வைத்துச் சொந்தமாக அடுத்த மாலை என்பதுதான் என் யோசனை. முதல் முறை ஐரோப்பா போகிறவர்களுக்கு இந்த வரிசை நன்றாக ஒத்துவரும். கைடு இல்லாமல் போனால் ஊர் தன்னைக் காட்டாது என்ற பயம் வேண்டாம். அட்டையை எங்கே வைப்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வறுத்த பாலாடைக்கட்டி, ஊறவைத்த ஹெர்மெலீன் பாலாடைக்கட்டி இரண்டும் அனேகமாக எல்லாக் கடையிலும் இருக்கும், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியதில்லை. குடிக்காதவர்களும் கூடவே வரலாம். கொஃபோலா என்ற உள்ளூர் கோலா பல இடங்களில் குழாயிலிருந்தே வரும், ஆல்கஹால் இல்லாத பியரும் கிடைக்கும். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். க்ராலில் குடிக்காதவருக்கு இந்த மரியாதை கிடைப்பது கடினம், அங்கே கட்டணமே குடியைக் கணக்குப் போட்டு வைத்தது.

தனியாகப் போகும் பெண்கள் க்ராலைப் பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பது உண்டு. கூட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் கைடின் பொறுப்பு கிளப் வாசலோடு முடிந்துவிடும், திரும்பி வரும் வழிக்கு யாரும் இல்லை. போவதென்றால் ஹாஸ்டலிலேயே ஓர் ஆளோடு பேசி, சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் திரும்பும் வண்டியை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், வெள்ளி, சனி இரவுகளில் சுமார் ஒரு மணி நேரம் கூடுதல். அதன் பிறகு 91 முதல் 99 வரை எண் போட்ட இரவு டிராம்கள். எல்லாமே லஸார்ஸ்கா நிறுத்தத்தில் வந்து சந்திக்கின்றன, ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. காகித டிக்கெட் வைத்திருந்தால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட் இருந்தும் இல்லாததற்குச் சமம், பரிசோதகர் வந்தால் அபராதம் உண்டு. டிராமுக்குள்ளேயே வங்கிக் கார்டைத் தட்டி வாங்குகிற டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை.