வீட்டிலேயே ரத்த வகை பார்க்கும் அட்டை: நானும் தம்பியும் குத்திப் பார்த்தோம்

டர்பனுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பதால் இணையத்தில் மூன்று அட்டை வாங்கினேன். ஐந்து மதிப்பெண்ணுக்கு மூன்றரை கொடுக்கிறேன். மீதி ஒன்றரை எங்கே போனது என்று சொல்லக் கொஞ்சம் வீட்டுக்கதை வேண்டும்.

தம்பி பிறவியில் ஓ பாசிட்டிவ், நான் ஏ பாசிட்டிவ். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் கொடுத்தது நான்தான். "வகையே வேற, எப்படிம்மா சேரும்?" என்று கேட்காத அத்தை எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் கிடையாது. மருத்துவர்கள் முக்கியமாகப் பொருத்திப் பார்ப்பது எச்எல்ஏவை, அதாவது உடம்பு தன் அணு எது, அந்நிய அணு எது என்று கண்டுகொள்ளும் அடையாளத்தை. அது 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது, ரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏபிஓ மரபணு இருப்பது 9ஆவதில், அதனால் ஒன்று பொருந்தினால் மற்றதும் பொருந்த வேண்டும் என்றில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு, எங்களுக்கு அமைந்தது. (அமையாதவர்களுக்கு கேப்டவுனில் 1991லிருந்து ஒரு கொடையாளர் பதிவேடு இருக்கிறது. நம் ஆட்களுக்கு நம் ஆட்களிடம்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம், போய்ச் சேருங்கள்.)

சரி, அட்டைக்கு வருவோம். நாலு வட்டம்: ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் வட்டம் ஒன்று. ஆன்டி-ஏ என்பது ஏ வகைச் சிவப்பணுவைத் திப்பியாகத் திரள வைக்கும் எதிர்ப்பொருள், பி வகைக்கு ஆன்டி-பி, பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்வது ஆன்டி-டி. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலைக் குத்தி, குச்சியால் ரத்தம் தொட்டுக் கலக்கி, அட்டையை நாலு பக்கமும் சாய்க்க வேண்டும். என் ஏ வட்டத்தில் ரத்தம் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகப் பிரிந்தது, பி வட்டம் வழுவழுவென்று அப்படியே இருந்தது. அருமை.

தம்பிக்குப் பார்த்தது ஸ்டெம் செல் மாற்று முடிந்த மூன்றாம் மாதம். ஏ வட்டத்தில் அங்கங்கே நாலைந்து திப்பி, சுற்றிலும் வழவழப்பு. அட்டை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. ஓ வகைக்காரன் என்பதால் அவன் உடம்பில் முன்பே இருந்த ஆன்டி-ஏ என் வழியில் வந்த சிவப்பணுக்களை எளிதில் தலையெடுக்க விடுவதில்லை, அதுவரை மருத்துவமனையில் ஓ ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பணு 120 நாள் வரை வாழும், ஆக இரண்டும் கலந்துதான் ஓடியிருக்கிறது. கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே ஒன்று குறைத்தேன். குத்தும் ஊசி அட்டைக்கு ஒன்றுதான், சரியாகப் படாவிட்டால் வேறு வழியில்லை, அதற்கு அரை.

மூன்றாவது அட்டை ஒரு வருஷம் கழித்து. என்னுடையதும் அவனுடையதும் ஒரே அச்சு. அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ இவன் ஜாதகமும் மாறுமா?" என்றார்.

அதே வாரம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் "கம்ப்யூட்டரில் ஓ இருக்கு, சாம்பிள் மாறிப்போச்சு" என்று அவனை இரண்டு தடவை குத்தினார்கள். அட்டையை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்தியது தப்பு, அட்டையை ஒதுக்கியது நியாயம். அட்டை சிவப்பணுவை மட்டும்தான் பார்க்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் பழைய ஆன்டி-ஏ மிச்சம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மாற்று செய்தவர்கள் இதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், மற்றவர்கள் ஆசைக்கு வாங்கலாம்.

தம்பி கையில் 'ஓ பாசிட்டிவ்' என்று பொறித்த காப்பு கிடந்தது. கழற்றிவிட்டுப் புதிது செய்தோம். அதில் வகையே போடவில்லை, 'ஸ்டெம் செல் மாற்று செய்தவர், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் மட்டும்' என்று பொறிக்கச் சொன்னோம். கடைக்காரர் எழுத்துக்கு இத்தனை ராண்ட் என்று எண்ணி வாங்கிக்கொண்டார்.