குமணைக்குப் போவதா, குருக்கள்மடம் துறையடியில் நிற்பதா?

கையில் ஒரு கமரா வந்ததும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பெடியன்களுக்கு முதலில் வருகிற யோசனை, பறவைகளுக்குப் பேர்போன குமணைக் காடுதான். எனக்கும் அதுதான் வந்தது. கைமாறி வந்த கெனன் ஒன்று, அதோடு தூரத்தைக் கிட்ட இழுக்கிற 55-250 மில்லிமீற்றர் லென்ஸ், அவ்வளவுதான் என் முதலீடு. அதை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் ஓடிப் பார்த்துவிட்டேன். ஒன்று, காசு சேர்த்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தூரம் போய்ப் படம் எடுப்பது. மற்றது, ஊருக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை போய் நிற்பது. ரெண்டையும் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் சம்பளமும் லீவும் ஒன்றுக்குத்தான் காணும் என்று இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயணம். எங்கள் ஊர் செட்டிபாளையத்திலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கடலோரமாகவே போய், அறுகம்பையைத் தாண்டி, பாணமையைத் தாண்டி, உகந்தை முருகன் கோயிலடிக்குப் போனால்தான் குமணை வாசல். காலை ஆறு மணிக்குத் திறக்கிற வாசலில் ஆறு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும், இல்லாவிட்டால் அறுகம்பையில் தங்க வேண்டும். பறவைகள் கூடு கட்டுகிற வைகாசி, ஆனி மாதங்கள்தான் அலைச் சறுக்குக்கு வெள்ளைக்காரர் வந்து குவிகிற காலமும். அறை வாடகையை நினைத்தால் இரண்டு மணிக்கே எழும்பிவிடலாம் என்று தோன்றும். பிறகு ஜீப், நுழைவுச் சீட்டு, சாப்பாடு. நாலு பேர் பங்கு போட்டும் என் மாதச் சம்பளத்தில் கால்வாசி போனது.

முதல் தடவை போய் எழுநூறு படம் எடுத்தேன். வில்லுக் குளத்தில் கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் இருந்தன, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி கலங்கல். 250 லென்ஸ் அந்த கமராவில் 400 மாதிரி வேலை செய்யும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு 1/160 செக்கன் ஷட்டர் வேகத்தில் அமுக்கினால் வேறு என்ன வரும்? ஜீப் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது, பக்கத்தில் இருந்தவன் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு ஆடினான். 1/1000க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், படத்தில் புள்ளி புள்ளியாகப் பொரி விழுந்தாலும் பரவாயில்லை என்று, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க விடுகிற ஐஎஸ்ஓவைக் கூட்டியிருக்க வேண்டும். அது விளங்கியபோது நான் வீட்டில் இருந்தேன். திரும்பப் போய்த் திருத்துவதற்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். பயணத்தில் உள்ள பெரிய குறை செலவு இல்லை, இதுதான். பிழை விட்ட இடத்துக்கு உடனே திரும்ப முடியாது.

அதற்காகப் பயணம் வீண் என்று சொல்ல மாட்டேன். காட்டுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது என்பதால் நம் இஷ்டத்துக்கு இடம் மாற ஒண்ணாது. கிடைக்கிற கோணத்தில் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அது ஒரு நல்ல பயிற்சி. பழகிய கண்ணுக்குப் புதுசாக ஒன்று விழும்போது வருகிற அந்தத் துடிப்பும் ஊருக்குள் கிடைக்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி: நாரை உங்களிடம் 'ஏன் எடுக்கிறாய்' என்று கேட்காது.

சரி, மற்றப் பக்கத்துக்கு வருவோம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் குருக்கள்மடம் துறை. அங்கிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதை ஓடுகிறது. வெளியூர்க்காரருக்கு ஒரு சொல், இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம். எங்கள் முன்னோர்கள் கரைகளுக்குப் பெயர் வைத்தார்களா, படம் எடுக்கிறவனுக்குக் குறிப்பு எழுதி வைத்தார்களா என்று சில நேரம் யோசிப்பேன். காலையில் எழுவான்கரையில் நின்றால் வெயில் என் முதுகில் விழும், படுவான்கரையிலிருந்து பாதையில் வருகிறவர்களின் முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாரும் கறுப்பு நிழல்கள், பின்னால் தண்ணீர் தகதகக்கும். ஒரே துறை, ஒரே கால்வைத்த இடம், இரண்டு வேறு படங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சரிவாக அல்ல, நெட்டுக்கு ஏறும். படம் எடுக்கிறவர்கள் கொண்டாடுகிற அந்தப் பொன் வெளிச்சம் ஐரோப்பாவில் நெடுநேரம் நிற்குமாம், இங்கே தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் போய்விடும். ஏழரைக்குப் பிறகு முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்புத்தான். குமணையில் அந்த அரைமணி நேரம் வாசலில் சீட்டு எடுப்பதிலேயே போனது. துறையடியில் ஒரு சனிக்கிழமை தவறினால் அடுத்த சனிக்கிழமை இருக்கிறது.

மழையையும் சொல்ல வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அடிக்கிற மழையில் யாரும் பயணம் வைப்பதில்லை, கமரா அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் என்னிடம் இருக்கிற படங்களில் நான் யாருக்கும் வெட்கப்படாமல் காட்டக்கூடியவை மூன்றே மூன்று, அவற்றில் இரண்டு கார்த்திகையில் எடுத்தவை. வாவி சேற்று நிறத்தில் பெருகி, அக்கரை தெரியாமல், பாதை முழுக்கக் குடைகள் மட்டும் மிதந்து வருகிற மாதிரி ஒரு படம். அதைத் திட்டம் போட்டு எடுக்கவில்லை, போய் நின்றேன், அது வந்தது.

ஆனால் ஊருக்குள் எடுப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. படுவான்கரையிலிருந்து தயிர்முட்டி கொண்டு வருகிற ஒரு அம்மா. முட்டிகளை வாழைநார்க் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்குக்குள் வைத்து, பாதை கரையில் முட்டுவதற்கு முன்பே எழும்பி நிற்பா. கயிற்றைப் பிடித்த அந்தக் கைக்காகவே எனக்கு அந்தப் படம் வேண்டும். "என்னை எடுக்காத மகன், மூஞ்சி முழுக்க வேர்வை" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. தூரத்தில் நின்று சூம் பண்ணி எடுத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. எடுக்கவில்லை. கமராவை இறக்கிவிட்டு முட்டியைப் பிடித்து இறக்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. நாரைக்கு முன்னால் இந்தத் தயக்கம் எனக்கு வந்ததே இல்லை.

கருவி விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். பறவைக்கு 250 காணாது, ஆசை 600இல் போய் நிற்கும், கடன் அங்கேதான் தொடங்கும். துறையடிக்குக் கைத்தொலைபேசிக் கமராவே காணும். 12 மெகாபிக்ஸல் படம் ஏஃபோர் அளவில் சுத்தமாக அச்சாகும், அதற்கு ஒன்பது மெகாபிக்ஸல்கூடத் தேவையில்லை. ஒரேயொரு லென்ஸ் வாங்குவதென்றால், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற 50 எஃப்1.8 வாங்குங்கள். கடற்காற்றும் வாவி ஈரமும் சேர்ந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது லேசு. எனது ஒன்று அப்படித்தான் போனது, மாரி முழுக்கத் தோல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அரிசி வாளிக்குள் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

ஒரே இடம் அலுக்காதா? அலுக்கும். ஐந்தாவது மாதம் எனக்கு அந்தத் துறையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்போதுதான் செக் நாட்டு ஜோசப் சுடெக் பற்றி வாசித்தேன். முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்த மனிதர், 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். ஒரே ஜன்னல். எனக்கு ஒரு வாவியே இருக்கிறது, நான் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: ஒரு நாளைக்கு முப்பத்தாறு படம், பழைய ஃபிலிம் ரோல் மாதிரி, அதற்கு மேல் இல்லை. ஒரு மாதம் முழுக்கக் கைகள் மட்டும், அடுத்த மாதம் பாதையில் ஏறுகிற சாமான்கள் மட்டும். சைக்கிள், நெல் மூட்டை, ஒரு தடவை ஒரு தையல் மெஷின். குமணை எழுநூறில் மிஞ்சியது நாலு. துறையடியில் ஒரு வருஷத்தில் மிஞ்சியது ஐம்பதுக்குக் கிட்ட, அவையும் ஒன்றோடொன்று பேசுகிற படங்கள்.

ஆகவே என் பக்கம் எது என்று தெரிந்திருக்கும். முதல் வருஷம் ஊருக்குள் நில்லுங்கள், கைக்கு வேகமும் வெளிச்சமும் பழகட்டும், மறுகா குமணைக்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்து காசை விட்டேன். படம் பார்த்தவர்கள் பாராட்டுவது மட்டும்தான் வேண்டும் என்றால் பயணமே போங்கள், நாரைக்கு விழுகிற விருப்பக்குறிகள் தயிர்முட்டிக்கு விழாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் அந்த அம்மா பாதையிலிருந்து இறங்கும்போதே கூப்பிட்டா. "இண்டைக்கு எடு மகன், புதுச்சாரி." எடுத்தேன். கயிறு பிடித்த கையைத்தான் நான் பார்த்தேன், அவ சாரித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றா. கல்யாண வீட்டுப் படம் மாதிரி வந்தது. மூன்று கொப்பி கேட்டிருக்கிறா, ஒன்று கட்டாரில் இருக்கிற மகளுக்கு. வருகிற சனிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் கூட்டம் குமணைக்கு ஜீப் பேசியிருப்பதும் அதே சனிக்கிழமைக்குத்தான். ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.